வானவழியும் பயணக் காலமும்

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி. ஜப்பானின் தலைநகர் டோக்கியோ. தட்டையான உலகப்படத்தில் இவ்விரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு கசகஸ்தானையும் மங்கோலியாவையும் தொட்டுக்கொண்டு செல்லும். உலக உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தாலோ, அந்நூல் வடக்கே வளைந்து சைபீரியப் பனிவெளியின்மேல் ஏறி இறங்கும். நூல் காட்டும் வழியே குறுகிய வழி. உருண்டையான நிலத்தைத் தட்டையாக விரித்துக் காட்டும் படம் கண்ணை ஏமாற்றிவிடுகிறது.

இக்குறுவழியின் நீளம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். பெரிய விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் பறக்கும். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால், ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோவை அடைந்துவிடலாம். மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று கிழக்கே செல்வோருக்குத் துணையாகவும், திரும்புவோருக்குத் தடையாகவும் நிற்கும். அதனால் சிறிது நேரம் கூடும் அல்லது குறையும், அவ்வளவே.

ஆயினும், 1983-ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஃபின்ஏர் விமானம் எங்கும் நில்லாமல் டோக்கியோவுக்குப் பறக்கத் தொடங்கியபோது, அதற்குச் சுமார் பதின்மூன்று மணி நேரம் ஆயிற்று. காரணம் யாது? நிலத்துக்கு எல்லை இருப்பதுபோல வானத்துக்கும் எல்லை உண்டு. தன் நிலத்தின் மேலுள்ள வானம் தனக்கே உரியது என்னும் ஒவ்வொரு நாட்டின் உரிமையை 1944-ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கை உறுதிசெய்துள்ளது. அக்காலத்தில் சைபீரிய வானம் சோவியத்து ஒன்றியத்தின் கையில் இருந்தது. அவ்விமானத்துக்கு அங்கே வழியில்லை. ஆகவே அது வடக்கு நோக்கிச் சென்று, வடதுருவத்தைக் கடந்து, அலாஸ்காவை அடுத்த பெரிங் நீரிணை வழியாகப் பசிபிக் கடலின்மேல் இறங்கி வந்தது. அத்தொலைவுக்கு வேண்டிய எண்ணெயைச் சுமக்க, விமானத்தில் கூடுதலான தொட்டிகள் அமைக்கப்பட்டன. துருவத்தை அணுகுகையில் காந்த ஊசி நம்பத்தக்கதன்று. காந்தத்தை நாடாத கருவிகளைக் கொண்டே விமானி திசையறிதல் வேண்டும்.

பின்னர்ச் சைபீரிய வழி திறந்தது. பயண நேரம் ஒன்பதரை மணியளவாகக் குறைந்தது. வடகோடியில் ஒதுங்கிக் கிடந்த சிறிய நாடு, ஐரோப்பாவிலிருந்து கீழைநாடுகளுக்குச் செல்வோரின் வாயிலாயிற்று. பிற நகரத்தார் பலர் ஹெல்சிங்கிக்கு வந்து, அங்கே விமானம் மாறிக் கிழக்கே சென்றனர். இருப்பிடமே அந்நாட்டுக்குச் செல்வமாயிற்று எனலாம்.

2022 பிப்ரவரியில் உக்ரைன்மேல் ரஷ்யா போர் தொடுத்தது. ஐரோப்பிய நாடுகள் தம் வானத்தை ரஷ்ய விமானங்களுக்கு மூடின; ரஷ்யாவும் அவ்வாறே செய்தது. அடுத்த மாதமே டோக்கியோ விமானங்கள் மீண்டும் வடதுருவத்தைச் சுற்றலாயின. சில வேளைகளில் துருக்கி, கசகஸ்தான், சீனம் ஆகியவற்றின் வழியாகத் தெற்கே சுற்றின. எவ்வழியாயினும் பதின்மூன்று மணி நேரம் தேவைப்பட்டது. எண்ணெய் மிகுதியாகச் செலவாயிற்று; விமானிகளின் உழைப்பும் கூடிற்று. துருவத்தின்மேல் பறந்த பயணிகளுக்கோ, அதற்குச் சான்றாக ஓர் அழகிய தாள் வழங்கப்பட்டது.