ஏர் ரைஃபிள் டியூனிங்: காசு கொடுத்துச் செய்யலாமா, நாமே செய்யலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்!



பைக் சர்வீஸை ஷோரூம்ல விடுறதா, வீட்டுலயே ஆயில் மாத்துறதா? லேப்டாப்புக்கு ரேம் கடையில போடுறதா, வீடியோ பார்த்து நாமே போடுறதா? சம்பளம் வாங்க ஆரம்பிச்சதும் இந்த மாதிரி கேள்வி எல்லாருக்கும் வரும். இன்னைக்கு அதே கேள்வியை ஒரு வித்தியாசமான ஹாபியில வச்சுப் பார்க்கப் போறோம். ஸ்பிரிங்-பிஸ்டன் ஏர் ரைஃபிள். உங்ககிட்ட ஏர் ரைஃபிள் இல்லைன்னாலும் படிங்க, இந்தக் கணக்கு கேமராவுக்கும் சைக்கிளுக்கும் அப்படியே பொருந்தும்.

முதல்ல, இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்யுது?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில. நம்ம கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவுல கலக்குறதும் அதே பிரிவுதான். ஆனா அவங்க கையில இருக்குறது வேற ரகம். முன்கூட்டியே அடைச்சு வச்ச காற்று சிலிண்டர்ல ஓடுற துப்பாக்கி அது.

நாம பேசுறது பெரும்பாலும் முதல் முதலா வாங்குற ஸ்பிரிங் ரகம். குழலை மடக்கினா உள்ளே இருக்குற பெரிய ஸ்பிரிங் அமுங்கி, பிஸ்டன் பின்னாடி போய் லாக் ஆகும். டிரிகரை அழுத்தினா பிஸ்டன் முன்னாடி பாயும், முன்னால இருக்குற காற்று சட்டுனு அமுங்கி பெல்லட்டைத் தள்ளும். பெல்லட் குழலை விட்டு வெளியே போறதுக்குள்ள உள்ளே இவ்வளவும் நடக்குறதால துப்பாக்கி முதல்ல பின்னாடியும், பிறகு முன்னாடியும் உதறும். கூடவே ஸ்பிரிங் 'டொய்ங்'னு அதிரும்.

டியூனிங்னா இந்த உதறலையும் அதிர்வையும் குறைக்கிற வேலை. தேய்ஞ்ச பிஸ்டன் சீலை மாத்துறது, ஸ்பிரிங் ஆடாம பிடிச்சுக்கிற கைடு போடுறது, உள்ளே இருக்குற பிசிறுகளைத் தேய்ச்சு எடுக்குறது, சரியான கிரீஸ் சரியான அளவுல வைக்கிறது. நல்ல டியூனிங்கோட நோக்கம் வேகத்தைக் கூட்டுறது இல்ல. ஒவ்வொரு ஷாட்டும் ஒரே மாதிரி போகணும், அவ்வளவுதான்.

பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி: செலவே இல்லாத 5 சோதனை

நிறைய பேர் குறி தப்பினதும் நேரா பார்ட்ஸ் வாங்கப் போயிடுறாங்க. கொஞ்சம் பொறுங்க. முதல்ல இதெல்லாம் பாருங்க:

1. ஸ்க்ரூ: ஸ்பிரிங் துப்பாக்கி உதறுற உதறல்ல மரக்கட்டையைப் பிடிச்சிருக்குற ஸ்க்ரூவும் ஸ்கோப் மவுன்ட் ஸ்க்ரூவும் லூஸ் ஆகும். முதல் சந்தேகம் இது மேலதான் வரணும்.

2. பிடிக்கிற விதம்: இந்த ரகத்தை இறுக்கிப் பிடிச்சா குறி சிதறும். முன்கையில லேசா தாங்கி, அது இஷ்டத்துக்கு உதற விடணும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல தாங்கணும்.

3. பெல்லட்: ஒரே துப்பாக்கி ஒரு பெல்லட்டோட நல்லா சுடும், இன்னொண்ணோட சொதப்பும். மூணு நாலு வகையில சின்ன டப்பா வாங்கிப் பாருங்க. பார்ட்ஸ் செலவை விட இது ரொம்பக் குறைவு.

4. பிரீச் சீல்: குழல் மடங்குற இணைப்புல ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டை வச்சு சுடுங்க. பேப்பர் துள்ளினா காத்து கசியுது. அந்த ரப்பர் வளையத்தை மட்டும் மாத்தினாலே பிரச்சனை தீரலாம்.

5. வேகம்: கிளப்ல யார்கிட்டயாவது குரோனோகிராஃப் இருக்கும். ஒரே பெல்லட்ல 10 ஷாட் சுட்டு வேகத்தைக் குறிச்சு வைங்க. பத்தும் கிட்டத்தட்ட ஒரே எண்ணா இருந்தா உள்ளே பெரிய கோளாறு இல்ல. எண்கள் தாறுமாறா இருந்தாலோ, முன்னாடி இருந்த வேகம் நல்லா குறைஞ்சிருந்தாலோதான் டியூனிங் பத்தி யோசிக்கணும்.

இது பணத்துக்கும் பொருந்துற பாடம். அளக்காம செலவு பண்ணினா, அந்தச் செலவு வேலை செஞ்சுதான்னே நமக்குத் தெரியாது.

சரி, இப்போ கணக்கு

மாசம் 40,000 ரூபாய் சம்பளம் வாங்குற ஒருத்தரை எடுத்துக்குவோம். 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம், மொத்தம் 176 மணி. அப்போ அவரோட ஒரு மணி நேரம் சுமார் 227 ரூபாய். கீழே இருக்குற விலைகள் கணக்குக்காக நான் வச்சது. உங்க ஊர் விலையை விசாரிச்சு, அதே இடத்துல போட்டுக்கோங்க.

வழி 1: அனுபவமுள்ள டெக்னீஷியன்கிட்ட கொடுக்குறது
சர்வீஸ் கட்டணம் 3,500
பார்ட்ஸ் 1,500
போக்குவரத்து 500
நம்ம நேரம் 2 மணி, 454
மொத்தம் 5,954 ரூபாய்

வழி 2: நாமே செய்யுறது, முதல் தடவை
பார்ட்ஸ் 1,500
ஸ்பிரிங் கம்ப்ரஸர் 3,000
பஞ்ச் செட், ஸ்க்ரூ டிரைவர் 700
கிரீஸ் வகைகள் 800
படிச்சுக் கத்துக்கிட்டுச் செய்ய 10 மணி, 2,270
மொத்தம் 8,270 ரூபாய்

"பார்ட்ஸ் வெறும் 1,500தானே, 3,500 சர்வீஸ் சார்ஜ் எதுக்கு?"ன்னு நினைக்கிறவங்க மறக்குறது டூல்ஸையும் நேரத்தையும். முதல் தடவை நாமே செய்யுறது 2,316 ரூபாய் அதிகம்.

ஆனா கதை இதோட முடியல. ரெண்டாவது தடவை டூல்ஸ் கையில இருக்கு, கிரீஸ் மிச்சம் இருக்கு, வேலையும் தெரியும். பார்ட்ஸ் 1,500, நேரம் 4 மணிக்கு 908, ஆக 2,408தான். ரெண்டு தடவையும் வெளியே கொடுத்தா 11,908. ரெண்டு தடவையும் நாமே செஞ்சா 10,678. ரெண்டாவது தடவையிலேயே கணக்கு நம்ம பக்கம் திரும்பிடுது.

இங்கதான் முக்கியமான கேள்வி: ரெண்டாவது தடவைன்னு ஒண்ணு வருமா? நல்லாப் போட்ட ஸ்பிரிங்கும் சீலும் பல ஆயிரம் ஷாட் தாங்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் 50 ஷாட் சுடுறவருக்கு வருஷத்துக்கு 2,600 ஷாட்தான். அவருக்கு அடுத்த டியூனிங் வர்றதுக்குள்ள கம்ப்ரஸர் பரண்ல தூசி பிடிச்சிடும். அதே சமயம் வீட்டுல ரெண்டு மூணு துப்பாக்கி இருக்கு, இல்ல கிளப்ல நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு கம்ப்ரஸர் வாங்குறீங்கன்னா, கணக்கே வேற.

நேரத்துக்கு விலை போடலாமா?

இது நேர்மையா பேச வேண்டிய விஷயம். அந்த 10 மணி நேரத்துல நீங்க ஓவர்டைம் பார்த்து 2,270 சம்பாதிக்கப் போறது இல்லைன்னா, அதைச் செலவுன்னு சொல்றது முழு உண்மை இல்ல. கழட்டி மாட்டுறதே உங்களுக்குச் சந்தோஷம்னா அந்த நேரம்தான் உங்க ஹாபி. நேரத்தை எடுத்துட்டுப் பார்த்தா வெளியே கொடுக்க 5,500, நாமே செய்ய 6,000. வித்தியாசம் வெறும் 500 ரூபாய்.

மாறா, கழட்டுறது உங்களுக்குத் தலைவலி, சுடுறதுதான் பிடிக்கும்னா, அந்த 10 மணி நேரம் நிஜமான செலவுதான். தயங்காம வெளியே கொடுங்க.

ஆக, 'எது மலிவு?'ங்கிறதுக்கு முன்னாடி உங்களை நீங்களே ரெண்டு கேள்வி கேளுங்க. இந்த வேலையை நான் எத்தனை தடவை செய்வேன்? அந்த நேரம் எனக்குச் சுகமா, சுமையா?

பில்லுல வராத ரிஸ்க்

கண்ணும் கையும்: உள்ளே இருக்குற ஸ்பிரிங் துப்பாக்கியை மடக்காதப்பவும் அழுத்தத்துலதான் இருக்கும். கம்ப்ரஸர் இல்லாம பின்மூடியைக் கழட்டினா அது பாய்ஞ்சு வரும். 3,000 மிச்சம் பிடிக்கிறேன்னு தொடையில முட்டுக்கொடுத்துக் கழட்டுற வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீங்க. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மடக்கின குழலை ஒரு கையால பிடிச்சுக்காம பெல்லட் போடாதீங்க. டிரிகர் உள்பாகத்தை அரம் வச்சுத் தேய்க்கவே கூடாது, துப்பாக்கி தானா வெடிக்க அதுவே காரணமாயிடும்.

தப்பான எண்ணெய்: வண்டிக்குப் போடுற ஆயில் பிஸ்டனுக்கு முன்னாடி போனா, அமுங்குற காற்றோட சூட்டுல தீப்பிடிச்சு 'டப்'னு வெடிக்கும், புகை வரும். சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போயிடும். 50 ரூபாய் எண்ணெய் 1,500 ரூபாய் பார்ட்ஸைத் தின்னுடும்.

வாரண்டி: புதுத் துப்பாக்கியா? திறக்குறதுக்கு முன்னாடி வாரண்டி கார்டைப் படிங்க. வாரண்டியில ஃப்ரீயா ஆகுற வேலைக்கு எதுக்கு நம்ம காசு?

சட்டம்: இதுதான் பெரிசு. நம்ம நாட்டுல 2016 ஆயுத விதிகள்படி, 4.5 மில்லிமீட்டர், அதாவது 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தியும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவை இல்ல. அதைத் தாண்டினா கதை மாறிடும். கணக்குப் பாருங்க: 0.518 கிராம் பெல்லட் நொடிக்கு 240 மீட்டர் வேகத்துல போனா சக்தி சுமார் 14.9 ஜூல். அதே பெல்லட் 280 மீட்டர்ல போனா 20.3 ஜூல். 'பவர் ஸ்பிரிங்'னு ஒண்ணை வாங்கிப் போட்டு, அளக்காம விட்டா, வீட்டுல இருக்குறது லைசென்ஸ் இல்லாத ஆயுதமா மாறியிருக்கலாம். இங்கிலாந்துல இந்த வரம்பு இன்னும் கம்மி, 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16.3 ஜூல். அதனாலதான் அங்கே டியூனிங் செய்யுறவங்க குரோனோகிராஃப் இல்லாம வேலையையே தொடமாட்டாங்க.

இன்னொண்ணு: கடினமான ஸ்பிரிங் போட்டா பல நேரம் வேகம் கொஞ்சம்தான் கூடும், உதறல் நிறைய கூடும். காசு கொடுத்துக் குறியைக் கெடுத்துக்கிட்ட மாதிரி.

வெளியே கொடுக்கும்போது கேட்க வேண்டிய 4 விஷயம்

1. வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும், ஒரே பெல்லட்ல 10 ஷாட் வேகம் எழுதிக் கொடுப்பீங்களா?
2. எந்தெந்தப் பார்ட்ஸ் மாத்துறீங்க, தனித்தனி விலை என்ன?
3. கழட்டின பழைய பார்ட்ஸைத் திருப்பித் தருவீங்களா?
4. சரியா வரலைன்னா எத்தனை நாளைக்குள்ள திரும்பப் பார்ப்பீங்க?

இந்த நாலுக்கும் முகம் சுளிக்காம பதில் சொல்றவர்கிட்ட கொடுங்க.

செலவுக்கு ஒரு எல்லைக்கோடு

டியூனிங் செலவு துப்பாக்கியை விக்கும்போது பெரும்பாலும் திரும்பி வராது. அதனால நான் சொல்ற எளிய விதி: துப்பாக்கி வாங்கின விலையில மூணுல ஒரு பங்குக்கு மேல டியூனிங் செலவு போகுதுன்னா நிறுத்தி யோசிங்க. 8,000 ரூபாய் துப்பாக்கிக்கு 5,954 செலவு பண்றதை விட, அந்தக் காசை ஒரு ஆர்.டி.ல போட்டு, ஒரு வருஷத்துல நல்ல துப்பாக்கிக்கு மாறுறது புத்திசாலித்தனம். 20,000 ரூபாய் துப்பாக்கிக்கு அதே செலவு நியாயம். எந்தப் பக்கம் போனாலும் கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. வேண்டாம். ஹாபி செலவு மாசச் சம்பளத்துல அதுக்குன்னு ஒதுக்கின தொகையிலிருந்துதான் வரணும். எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்கக் கூடாது.

சுருக்கமா சொன்னா

ஒரே துப்பாக்கி, எப்பவாவது சுடுவேன்: வெளியே கொடுங்க.
ரெண்டு மூணு துப்பாக்கி, கழட்டி மாட்டப் பிடிக்கும்: டூல்ஸ் வாங்குங்க, கம்ப்ரஸர்ல கஞ்சத்தனம் வேண்டாம்.
இன்னும் 10 ஷாட் அளந்து பார்க்கலை: ரெண்டும் வேண்டாம், முதல்ல அளங்க.

இந்த வாரம் ஒரு வேலை. உங்க ஹாபி எதுவா இருந்தாலும், அடுத்து நீங்க வாங்க நினைக்கிற அப்கிரேடை ஒரு பேப்பர்ல எழுதி, மேலே போட்ட மாதிரி ரெண்டு வழிக்கும் முழுச் செலவைப் போடுங்க. டூல்ஸ், நேரம், ரிஸ்க் மூணும் அதுல வரணும். என்ன பதில் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.