கடலோர வண்டியில் லைட் ஷார்ட்: எங்கே தேடுவது?

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று புதுச்சேரியின் வடகரையில் குடியிருப்பவர்களின் வண்டிகளுக்கு உப்புக்காற்றிலிருந்து தப்பிக்க வழியில்லை. ஹேண்டில் பாரில் ஏறும் துரு கண்ணுக்குத் தெரியும். பல்பு ஹோல்டருக்குள்ளும் கப்ளருக்குள்ளும் பச்சையாகப் படரும் களிம்பு தெரியாது. திடீரென்று ஒரு நாள் பிரேக் பிடித்ததும் ஃபியூஸ் போகும்; புதிதாகப் போட்டால் அதுவும் போகும். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை இவை.

1. முதலில் இது ஷார்ட்தானா என்று பாருங்கள். ஷார்ட் என்றால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் நன்றாக இருந்து, இண்டிகேட்டர் போடும்போது டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கினால், அல்லது எல்லா விளக்கும் மங்கினால், எர்த் வயரைச் சந்தேகியுங்கள். பாடியில் அது முறுக்கப்பட்ட இடத்தைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் பல நேரம் அத்தோடு சரியாகிவிடும். வயரிங் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை.

2. 10 ஆம்பியர் போய்விட்டது என்று 20 போடாதீர்கள். சிகரெட் அட்டைத் தாளைச் சுற்றுவதும் செம்புக் கம்பியை வைப்பதும் அதைவிட மோசம். ஃபியூஸ் உருகாவிட்டால் அடுத்து உருகுவது வயர்தான், அதுவும் பெட்ரோல் டேங்க்கிற்குக் கீழே. பிளேடு ஃபியூஸில் நிறமே அளவைச் சொல்லும்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள்.

3. ஃபியூஸ் எப்போது போகிறது என்று கவனியுங்கள். சாவியைத் திருப்பியதுமா, பிரேக்கிலா, வலது இண்டிகேட்டரிலா, ஹேண்டிலை ஒரு பக்கம் ஒடிக்கும்போதா? விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்ச் இல்லை. அவற்றில் ஹெட்லைட் கப்ளரைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க முடியும்.

4. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ஃபியூஸைப் பலி கொடுக்காதீர்கள். பழைய 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து இரண்டு வயர் வைத்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் இரு முனையிலும் சொருகுங்கள். ஷார்ட் இருந்தாலும் இந்தப் பல்பு இரண்டு ஆம்பியருக்கு மேல் விடாது, வயர் சூடாகாது. வண்டியின் பல்புகளையெல்லாம் கழற்றி, எல்.இ.டி. என்றால் கப்ளரைப் பிரித்து, ஹாரன் வயரையும் எடுத்துவிட்டு, சாவியை ஆன் செய்யுங்கள். சோதனைப் பல்பு பளீரென்று எரிந்தால் எங்கோ லைவ் வயர் பாடியில் படுகிறது. இனி ஒவ்வொரு கப்ளராகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். எதைப் பிரித்ததும் பல்பு அணைகிறதோ, கோளாறு அந்தக் கிளையில். சாவி ஆனில் எரியாவிட்டால் பிரேக், இண்டிகேட்டர் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில் இதை மெயின் ஃபியூஸில் செய்ய வேண்டாம். லைட்டுக்கென்று தனி ஃபியூஸ் இருந்தால் அதில் மட்டும்.

5. தேட வேண்டிய இடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டெயில் லைட். மீன் பெட்டியைக் கேரியரில் கட்டி மார்க்கெட்டுக்குப் போகும் வண்டிகளில் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் நேராக அங்கேதான் வடிகிறது. ஹோல்டரின் அடியில் இரண்டு முனைகளுக்கு நடுவே களிம்பு பாலம் போட்டிருக்கும், அல்லது அடித்தட்டு இற்றுப்போய் முனை பாடியைத் தொடும். அங்கிருந்து பின் மட்கார்டுக்குள் போகும் வயரைப் பாருங்கள். கிளிப் விட்டுப் போயிருந்தால் டயர் உரசித் தோலுரித்திருக்கும். அடுத்து ஹேண்டில் கழுத்து: சோதனைப் பல்பு எரிய எரிய ஹேண்டிலை இருபக்கமும் ஒடித்துப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு சீட் கீல், பிரேக் சுவிட்ச், சைலன்சரை ஒட்டி இளகிய வயர். டெயில் பல்பையும் கழற்றிப் பாருங்கள். 21/5 வாட் பல்பின் பக்கக் குமிழ்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. மாற்றித் திணித்தால் பிரேக் லைட் ஓயாமல் எரியும். அது ஷார்ட் அல்ல, அவசரம்.

6. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பல்புகளையும் எடுத்த பிறகே பீப் சோதனை செய்யவும். பல்பு உள்ளே இருந்தால் அதன் இழை வழியாகவே பீப் அடித்து ஏமாற்றும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இல்லையென்றால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.

7. எஞ்சின் ஓடினால் மட்டும் ஹெட்லைட் எரியும் பழைய மொபெட், ஸ்கூட்டர்களில் அந்த லைன் மேக்னெட் காயிலிலிருந்து வருகிறது. அங்கே ஷார்ட் ஆனால் பேட்டரி ஃபியூஸ் போகாது. விளக்குதான் மங்கும் அல்லது அணையும். ஃபியூஸை நோண்டிப் பயனில்லை.

8. தண்ணீரில் மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தெருவில் நின்ற வண்டிகள் சீட் வரை முங்கின. அப்படி நேர்ந்தால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். நல்ல தண்ணீரால் மெதுவாக அலசி, கப்ளர்களைப் பிரித்துக் காயவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

9. அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் வெயிலில் பசை இளகி உரிந்து வரும். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம்.

10. கூடுதல் ஃபாக் லைட், கலர் எல்.இ.டி. பட்டை, மியூசிக் ஹாரன் போட்ட வண்டியா? வேறெதையும் தொடுவதற்கு முன் அவற்றைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். டெயில் லைட் வயரை நறுக்கி எடுத்த இணைப்புதான் பெரும்பாலும் குற்றவாளி. வைத்தே தீருவேன் என்றால் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸும் ரிலேவும் கொடுத்து வையுங்கள்.

11. காரில் மஞ்சள் கப்ளர் பெரும்பாலும் ஏர்பேக்குடையது. எலக்ட்ரிக் வண்டியில் ஆரஞ்சு கேபிள் உயர் மின்னழுத்தம். இரண்டிலும் கை வைக்காதீர்கள். சர்வீஸ் ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

12. மாற்று ஃபியூஸ் பல வண்டிகளில் ஃபியூஸ் பெட்டி மூடிக்குள்ளேயே செருகியிருக்கும். அதை எடுத்துப் போட்டவர்கள், அதே அளவில் இன்னொன்று வாங்கி அங்கேயே வைத்துவிடுங்கள்.