கசடில் கிடைத்த மருந்து

சர்ப்பகந்தா ஓரிரு அடி உயரமே வளரும் செடி. இமயமலை அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நிழல் மிகுந்த காடுகளில் காணப்படுவது. அதன் வேர் கடுங்கசப்புடையது. பித்தம் தலைக்கேறியோர்க்கு உறக்கம் வருவிக்கும் மருந்தாகப் பீகார் மக்கள் அவ்வேரை நெடுங்காலம் பயன்படுத்தினர். ஆயினும் வேரில் உள்ள எப்பொருள் அப்பயனைத் தந்தது என்பதை எவரும் அறிந்திலர். இரு வேர்களில் மருந்தின் அளவு ஒத்திராது. ஆகவே அளந்து கொடுத்தலும் அரிதாயிற்று.

1931ஆம் ஆண்டு தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் உசைன் சித்திக்கியும் இவ்வேரை ஆராய்ந்து ஐந்து ஆல்கலாய்டுகளைத் தூய படிகங்களாகப் பிரித்தனர். ஒன்றிற்கு, கல்லூரியை நிறுவிய அக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டனர். இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்தாக அது பின்னர்ப் பயன்பட்டது.

ஆனால் புதிர் அவிழவில்லை. அழகிய படிகங்களில் உறக்கம் தரும் ஆற்றல் இல்லை. படிகமாகாது எஞ்சிய பிசின் போன்ற கசடிலேயே அது இருந்தது!

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவன வேதியியலார் அக்கசடைப் பல கூறுகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு கூறும் விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. அமைதி விளைவித்த கூற்றை மட்டும் வைத்துக்கொண்டு அதனை மீண்டும் பிரித்தனர். பொறுமையைச் சோதிக்கும் பணி இது. 1952இல் ரெசர்பின் என்னும் தூய பொருள் கிட்டியது. அதன் மூலக்கூற்றில் கார்பன் 33, ஹைட்ரஜன் 40, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 9 அணுக்கள் உள்ளன. 1956இல் அமெரிக்க அறிஞர் உட்வர்டு அதனை ஆய்வுக்கூடத்திலேயே தொகுத்துக் காட்டினார்.

உயர் இரத்த அழுத்தத்தையும் மனநோயையும் தணிக்க ரெசர்பின் பெரிதும் வழங்கப்பட்டது. அதனை உண்டோர் சிலரிடம் மனச்சோர்வு காணப்பட்டதால் பிற்காலத்தில் அதன் பயன்பாடு குறைந்தது. எனினும் நிறைநிறமாலைமானி என்னும் கருவியின் நுண்மையைச் சோதிக்க இன்றும் ரெசர்பினையே பயன்படுத்துகின்றனர். காட்டு வேரொன்றிற்கு வியத்தகு பதவிதான்.

மருந்து வேரில் இருப்பதால் செடியைப் பிடுங்கியே எடுக்கவேண்டும். காடுகளில் சர்ப்பகந்தா அருகிவிட்டது. அதன் பன்னாட்டு வணிகம் இப்போது கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது.

அருஞ்சொற்பொருள்: கசடு – எஞ்சிய கழிவு, அருகுதல் – குறைதல், நுண்மை – சிறிதளவையும் உணரும் திறன்.

வினா: படிகங்களைப் பெற்ற பின்னும் ஆய்வு முடிவுறாமைக்குக் காரணம் யாது?