முகச் சுருக்கத்துக்கு ஊசியா?

"ஊசி போட்டா முகச் சுருக்கம் போயிடுமாமே?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். குறையும், ஆனால் நிலைக்காது.

போடாக்ஸ் என்னும் இம்மருந்து, நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையைத் தடுக்கிறது. தசை தளர்வதால் நெற்றிக்கோடு மறைகிறது. 3, 4 மாதத்தில் கோடு திரும்பிவிடும். மறுபடி ஊசி, மறுபடி செலவு!

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. மற்றவர்களும் அழகு நிலையத்தில் போடாதீர்கள். தகுதி பெற்ற தோல் டாக்டரிடம் மட்டுமே போகவேண்டும். ஊசிக்குப் பின் விழுங்கவோ, பேசவோ, மூச்சுவிடவோ சிரமமா? சில நாள் கழித்து வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

கணவன்மாரே! மனைவியின் முகக்கோட்டைக் கேலி செய்யாதீர்கள். வெயிலில் உழைத்த முகம் அது. வெயிலும் பீடிப்புகையும் சுருக்கத்தை வளர்க்கும். வயலில் இருவரும் தலைக்குத் துண்டு கட்டுங்கள், பீடியை விடுங்கள்.