பாட்டியின் கண்ணில் பனி

மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே லயத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். முப்பது வருடம் கொழுந்து கிள்ளியவர்.

நான்கு வருடத்துக்கு முன் பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார்கள். பார்வை தெளிந்தது. அதற்குப் பிறகுதான் பாட்டி எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். தேனி பஸ்ஸின் பலகையைத் தானே படித்தார். பேரனின் தமிழ்ப் பாடப் புத்தகத்தையும் படித்தார்.

இந்த வருடம் கண் மறுபடி மங்கியது. எழுத்தெல்லாம் பனிக்குள் இருப்பது போலத் தெரிந்தது. விளக்கைப் பார்த்தால் கண் கூசியது. பாட்டி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

"புரை திரும்ப வந்துடுச்சு. இந்த வயசுல இன்னொரு ஆபரேஷன் எதுக்கு?" என்றார் பாட்டி.

"அன்னிக்கே ஆபரேஷன் சரியா செஞ்சிருக்க மாட்டாங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மகள் விடவில்லை. "வாம்மா, காட்டிட்டு வந்துடலாம்" என்று போடிமெட்டு வழியாகத் தேனிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு கண் டாக்டர் சோதித்துப் பார்த்தார்.

"பாட்டி, இது புரை இல்லை. புரை வந்த லென்ஸை அன்றைக்கே எடுத்தாச்சு. அது திரும்ப வராது" என்றார் டாக்டர்.

"அப்புறம் ஏன் டாக்டரம்மா மங்குது?"

டாக்டர் விளக்கினார். நம் கண்ணில் லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. ஆபரேஷனில் புரையை எடுத்துவிட்டு, அதே பைக்குள் புது லென்ஸை வைப்பார்கள். பழைய லென்ஸின் நுண்ணிய செல்கள் சில பையில் ஒட்டியிருக்கும். சிலருக்கு அவை மெல்ல வளர்ந்து பையின் பின்பக்கத்தை மூடும். சில மாதத்திலும் வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம். ஆபரேஷன் நன்றாக நடந்தவர்களுக்கும் வரும்.

பனிக்காலத்தில் ஜன்னல் கண்ணாடி மங்குகிறதே, அது போலத்தான். ஆனால் இதைத் துடைக்க முடியாது. சொட்டு மருந்தாலும் போகாது. யாக் லேசர் என்னும் ஒளிக்கதிரால் பையின் நடுவில் ஒரு சிறு வழி திறப்பார்கள். கத்தி இல்லை. தையல் இல்லை. சில நிமிடங்களில் முடியும். அன்றே வீட்டுக்குப் போகலாம்.

பாட்டி சம்மதித்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். பாட்டிக்கு வலி தெரியவில்லை. மறுநாள் காலை எதிர்மலையில் கொழுந்து கிள்ளுகிறவர்களின் தலைத்துணி தெரிந்தது. மாலையில் பாட்டி வகுப்புக்கு வந்தார்.

எங்கே போகலாம்?

முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையில் கேளுங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் கிளை 1985-இல் தேனியிலும், 1997-இல் கோயம்புத்தூரிலும் வந்தது. இடுக்கி எல்லையில் இருப்பவர்களுக்குத் தேனி பக்கம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு மக்களுக்குக் கோயம்புத்தூர் பக்கம்.

நினைவில் வையுங்கள்

1. ஆபரேஷனுக்குப் பின் கண் மங்கினால் "விதி" என்று இருந்துவிடாதீர்கள். கண் அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றாலும் பார்வை மங்கலாம். டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.
2. கடையில் நீங்களே சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள்.
3. துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும்.
4. லேசருக்குப் பிறகு கண்ணில் மின்னல் அடித்தாலோ, நிறையக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைந்தாலோ, கண் வலித்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

பதில் சொல்லுங்கள்

1. பாட்டியின் கண் மறுபடி மங்கியது ஏன்?
2. லேசருக்குப் பிறகு எந்த அறிகுறிகள் வந்தால் உடனே போக வேண்டும்?
3. உங்கள் ஊரில் புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யார் யார்? இப்போது கண் எப்படித் தெரிகிறது என்று அவர்களிடம் கேட்டு வாருங்கள்.