கூட்டியது பஞ்சகவ்யமா, மழையா?

நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பஞ்சகவ்யம் அடிச்சேன், போன வருஷத்தைவிட ரெண்டு மூட்டை கூட." நானும் அப்படிச் சொன்னவன்தான். என் பேச்சை நம்பி பக்கத்துப் புஞ்சைச் சம்சாரி தன் குதிரைவாலி முழுவதுக்கும் அடித்தார். அவருக்கு ஒன்றும் கூடவில்லை. "என்ன சார், உங்களுக்கு மட்டும் எப்படி?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். நான் அடித்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. அடித்த துண்டும் கண்மாய் ஓரத்துப் பள்ளத் துண்டு. கூட்டியது பஞ்சகவ்யமா, மழையா, பள்ளமா? பதில் சொல்ல முடியவில்லை. வங்கியில் ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போகாதவன், வயலில் கணக்கே பார்க்காமல் அடுத்தவருக்கு யோசனை சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு விடை காணும் கணக்கு வேளாண்மையோடு வளர்ந்ததுதான். டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், ஒருசில அளவுகளை மட்டும் வைத்து எவ்வளவு நம்பலாம் என்று கணக்கிடும் முறையை 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். டி-டெஸ்ட் அதிலிருந்து வந்தது. 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், வயல் சோதனையை எப்படி அமைப்பது என்று வகுத்தார். நம் நாட்டில் மகலனோபிஸும் சுகாத்மேயும் மகசூல் மதிப்பீட்டுக்கு இதே வழியைக் கொண்டுவந்தார்கள். பயிர்க் காப்பீட்டுக்காக 5-க்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போடுகிறார்களே, அது அந்த வழியில் வந்ததுதான்.

வயலில் செய்ய வேண்டியது

கணினியைத் தொடும் முன் வேலை வயலில் இருக்கிறது. இங்கே தப்பினால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

1. ஒரே மண், ஒரே மேடு பள்ளம் உள்ள இடத்தில் 7-க்கு 7 மீட்டரில் இரண்டு துண்டுகளை அடுத்தடுத்துக் குறியுங்கள். இது ஒரு ஜோடி. இப்படி ஆறு ஜோடியாவது வேண்டும்.

2. எந்தத் துண்டுக்கு அடிப்பது என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது. கை தானாகவே நல்ல துண்டுக்குத்தான் போகும். ஒவ்வொரு ஜோடிக்கும் பூவா தலையா போடுங்கள்.

3. ஒன்றுக்கு 10 லிட்டர் தண்ணீரில் 300 மில்லி பஞ்சகவ்யம். மற்றதற்கு அதே அளவு வெறும் தண்ணீர். மானாவாரிக் கரிசலில் தெளிக்கிற தண்ணீரே பயிருக்கு ஓர் உதவி அல்லவா?

4. ஜோடியின் இரு துண்டுக்கும் ஒரே நாளில் களையெடுங்கள். சிவகாசிப் பக்கம் இது முக்கியம். தீபாவளி நெருங்க நெருங்க ஆட்கள் பட்டாசு ஆலைக்குப் போய்விடுவார்கள். ஒரு துண்டுக்கு இன்றைக்கும் மற்றதற்குத் தீபாவளி கழித்தும் களையெடுத்தால், நாம் அளப்பது பஞ்சகவ்யத்தை அல்ல, களையை.

5. அறுவடையில் ஓரம் ஒரு மீட்டர் விட்டு, உள்ளே 5-க்கு 5 மீட்டரை மட்டும் தனியாக அறுத்து, ஒரே மாதிரி காயவைத்து எடை போடுங்கள்.

கணினியில்

'ஜமோவி' என்ற மென்பொருள் இலவசம். எக்செல் போலக் கட்டம் இருக்கும். கோடிங் எதுவும் எழுத வேண்டாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் 'ஜாஸ்ப்' மென்பொருளும் இதே மாதிரிதான், இதுவும் இலவசம்.

பழகிப் பார்க்க ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை, எடை கிலோவில்.

வெறும் தண்ணீர்: 2.4, 2.9, 2.2, 3.1, 2.6, 2.5
பஞ்சகவ்யம்: 2.7, 2.8, 2.6, 3.3, 2.5, 2.9

ஒரு ஜோடிக்கு ஒரு வரிசை என்று இரண்டு பத்தியாக அடியுங்கள். மேலே 'அனலைசஸ்', அதில் 'டி-டெஸ்ட்ஸ்', அதில் 'பேர்டு சாம்பிள்ஸ் டி-டெஸ்ட்' என்று தட்டுங்கள். இரண்டு பத்தியையும் வலப்பக்கப் பெட்டிக்குத் தள்ளுங்கள். 'மீன் டிஃபரன்ஸ்', 'கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்' இரண்டையும் டிக் செய்யுங்கள். விடை உடனே பக்கத்தில் வந்துவிடும். எந்தப் பத்தியை முதலில் வைத்தீர்களோ அதைப் பொறுத்துக் கழித்தல் குறி மாறும், பயப்பட வேண்டாம்.

விடையைப் படிப்பது

சராசரியாக ஒரு துண்டுக்கு 183 கிராம் கூடுதல். ஏக்கருக்கு ஏறக்குறைய 30 கிலோ. கூட்டத்தில் சொல்ல இது போதும் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள்.

'பி' மதிப்பு 0.11 என்று வரும். பஞ்சகவ்யத்துக்கு எந்தப் பலனும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இந்த அளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் நூற்றுக்குப் பதினொரு தடவை தற்செயலாகவே வரும் என்று அர்த்தம். வழக்கமாக 0.05-க்குக் கீழே வந்தால்தான் ஆய்வாளர்கள் ஓரளவு நம்புவார்கள்.

கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் நமக்கு இன்னும் பயனுள்ளது. ஏக்கருக்கு மாற்றினால், 10 கிலோ குறைவு முதல் 69 கிலோ கூடுதல் வரை எங்கே வேண்டுமானாலும் உண்மை இருக்கலாம் என்கிறது. தெளிக்கிற கூலியை இதோடு வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் பஞ்சகவ்யம் வேலை செய்யவில்லையா? அதுவும் இல்லை. 'இந்த ஆறு ஜோடியை வைத்துச் சொல்ல முடியாது' என்பதே விடை. 2-ஆவது, 5-ஆவது ஜோடியில் குறைந்திருக்கிறதே என்று அவற்றை அழித்துவிட்டால் 'பி' நன்றாகக் குறையும். அது பொய்க் கணக்கு. நான் என் புஞ்சையில் ஒரு துண்டை மட்டும் பார்த்துப் பேசியதும் அதே தப்புதான்.

வழி ஒன்று இருக்கிறது. ஒருவரே ஆறு ஜோடி போட முடியாவிட்டால், ஆளுக்கு ஒரு ஜோடி போடலாம். சாத்தூர், வெம்பக்கோட்டை, அருப்புக்கோட்டை என்று இருபது சம்சாரிகள் சேர்ந்தால் இருபது ஜோடி. வெவ்வேறு மண்ணில், வெவ்வேறு மழையில் எடுத்த அந்தக் கணக்கு, ஒருவர் காட்டு ஆறு ஜோடியைவிடப் பலமானது.

ரசாயனக் கம்பெனி விளம்பரத்தைப் பார்த்து "ஆதாரம் எங்கே?" என்று கேட்கிறவர்கள் நாம். அதே கேள்வியை நம் வாளியைப் பார்த்தும் கேட்க வேண்டும். வரும் புரட்டாசி விதைப்புக்கு முன் ஒரு கயிறு, ஒரு தராசு, ஒரு நோட்டு எடுத்து வையுங்கள். பக்கத்துப் புஞ்சைக்காரரிடம் நான் இப்போது சொல்லியிருப்பது இவ்வளவுதான்: "அண்ணாச்சி, இந்தத் தடவை ரெண்டு பேரும் சேர்ந்து அளந்து பார்ப்போம்."