கைவினைக் கிற்றாரில் பிழையும் திருத்தமும்

கையால் கிற்றார் செய்வோரிடையே வழங்கும் சில நம்பிக்கைகள், திருத்தக்கூடிய பிழையைப் பெரிதாக்கியும் திருத்த முடியாததைச் சிறிதாக்கியும் காட்டுகின்றன.

நம்பிக்கை: ஆணித்துளையோ வெடிப்போ உள்ள மரம் கிற்றாருக்கு உதவாது.
உண்மை: நாதத்தின் பெரும்பகுதி தந்திகளின் அதிர்வை ஏற்கும் முகப்பலகையிலேயே பிறக்கிறது என்பதைக் காட்ட, ஸ்பானியக் கைவினைஞர் அந்தோனியோ தெ தொரெஸ் 1862இல் ஒரு கிற்றாரின் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் அமைத்தார். அமெரிக்கரான பொப் ரெய்லர் 1995இல் கழிவுப் பலகைகளால் செய்த கிற்றாரில், ஆணித்துளைகளை மறைக்காமல் அலுமினிய வில்லைகள் பதித்து எடுத்துக்காட்டினார். முகப்பலகையே வெடித்தாலும், வெடிப்பைப் பசையிட்டு மூடி, அதற்குக் குறுக்காக உட்புறத்தில் மெல்லிய மரத்துண்டுகளை ஒட்டினால் அது மீண்டும் பலம்பெறும்.

நம்பிக்கை: விட்டுப்போன ஒட்டில் மேலும் பசை வார்த்தால் போதும்.
உண்மை: இன்றைய வெள்ளை மரப்பசை காய்ந்தபின் அதன்மேல் புதுப்பசை பிடிக்காதாகையால், பழையதைச் சுரண்டி வெறும் மரத்தை வெளிக்கொணர்ந்த பின்னரே ஒட்டவேண்டும். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரமோ சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகி மீண்டும் பிடிப்பதால், பிற்காலத்தில் பிரிக்க நேரக்கூடிய இடங்களுக்கு ஏற்றது.

நம்பிக்கை: மெட்டு இடம் மாறினால் தண்டையே மாற்றவேண்டும்.
உண்மை: வீணையின் 24 மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பதால் மெழுகை இளக்கி நகர்த்தலாம்; கிற்றாரிலோ மெட்டுக்கம்பி வாளால் அறுத்த பள்ளத்தில் இறுகியிருப்பதால், அப்பள்ளத்தை அதே மரச்சீவலால் அடைத்து, சமப்படுத்தி, சரியான இடத்தில் மீண்டும் அறுக்கவேண்டும். 650 மில்லிமீற்றர் தந்தி நீளத்தில் முதல் மெட்டு ஏறக்குறைய 36.5 மில்லிமீற்றரிலும் பன்னிரண்டாவது 325 மில்லிமீற்றரிலும் அமைய, ஒரே ஒரு மில்லிமீற்றர் பிசகு முதல் மெட்டில் தருவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு சுருதிபேதத்தைப் பன்னிரண்டாவதில் தரும்.

நம்பிக்கை: நன்கு உலர்ந்த மரம் பின்னர் அசையாது.
உண்மை: மரம் எவ்வளவு பழையதானாலும் காற்றின் ஈரத்தை வாங்கியும் விட்டும், இழைக்குக் குறுக்காக விரிந்து சுருங்குகிறது. நாற்புறமும் கடல் சூழ்ந்த புங்குடுதீவின் ஈரக்காற்றில் முகப்பலகையையும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களையும் ஒட்டி முடித்த கிற்றார், தீவு மக்கள் பலர் குடியேறிய ரொறன்ரோவின் குளிர்காலத்தில், வெப்பமூட்டிய வறண்ட அறைக்குள் போய்ச் சேருமானால், பலகை சுருங்க முற்பட, நீளவாக்கில் சுருங்காத சட்டம் அதை இழுத்துப் பிடிக்க, பலகை பிளக்கும். பிளவை ஒட்டலாமெனினும் காரணம் உள்ளேயே தங்கிவிடுவதால், சட்டங்களை ஒட்டுவதற்கு முன்பே மூடிய அறையில் சார்பு ஈரப்பதனை 45 சதவீதமளவுக்குக் குறைத்து, மரம் அந்நிலைக்கு வரும்வரை சில வாரங்கள் பொறுத்திருப்பதே இதற்குத் திருத்தம்.